ஒரு படித் தவிட்டுக்குப் போன பிள்ளை

அரியலூரில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுண்ணாம்புக்கல் வெட்டும் பக்கமிருந்து கல்லாகிப்போன சிப்பியையும் நத்தையையும் பொறுக்கி வந்து என் மேசையில் வைப்பார்கள். நானும் வருஷா வருஷம் அதே பாடத்தை அதே வார்த்தைகளில் நடத்துவேன். என் மகனுக்கு ஒன்பது மாதம் நடந்த அந்தச் சித்திரையில்தான் அந்தக் கடல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரிலிருந்து பெரம்பலூர் வந்து, அங்கே பஸ் மாறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சிமெண்டு லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதியைப் பார்த்தபடி கண்ணை மூடினால் போதும், சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீரின் மேல் ஒரு முறம் மிதந்து போகும். அதில் என் பிள்ளை மல்லாந்து படுத்துக் கால்விரலைச் சப்பிக்கொண்டிருப்பான். நான் கரையிலிருந்து கூப்பிடுவேன். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அழவும் மாட்டான். அவன் அழாததுதான் எனக்குத் தாங்காது.

முறம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு முன்னால் எனக்கு இரண்டு முறை தங்கவில்லை. இவனும் பத்து மாதம் பொறுக்காமல் அவசரப்பட்டு வந்துவிட்டான். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வான். “அது அனிச்சைச் செயல்ங்க, எதக் குடுத்தாலும் புடிக்கும்” என்றார் நர்ஸ். அறிவியல் டீச்சர் எனக்கு அது தெரியாதா? பத்து வருஷமாக நடத்துகிற பாடம். ஆனாலும் அந்த நர்ஸை எனக்கு அன்றிலிருந்து பிடிக்காமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த மறுவாரமே என் மாமியார் யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார். “தவுட்டுக்கு வித்து வாங்கிடுவோம்” என்றார். தங்காத பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் செய்கிற வைத்தியம் அது. பிள்ளையை முறத்தில் போட்டு, நல்லபடியாகப் பிள்ளை பெற்று வளர்த்த ஒருத்தியிடம் விற்றுவிட வேண்டும். விலை ஒரு படித் தவிடு. இது இனிமேல் அந்த வீட்டுப் பிள்ளை, பெற்றவளுடையது இல்லை என்று நினைத்து விதிக்குக் கணக்குத் தவறிப்போகும். பிறகு அதே ஒரு படித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். விதி அவ்வளவு ஏமாளியா என்று நான் கேட்டேன். “நீ பாடத்த பள்ளிக்கூடத்துல நடத்து” என்றார் மாமியார்.

வாங்கியவர் எதிர் வீட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பெண்களைப் பெற்று இரண்டு பேரையும் காலேஜ் ஹாஸ்டலில் விட்டிருந்தார். இரண்டு பசு மாடு, கொஞ்சம் சின்ன வெங்காயம், ஓயாத வாய். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டிலேயே ஒரு படி அளந்து எங்கள் முறத்தில் கொட்டி, என் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “இனிமே இது எம்புள்ள, யாரும் கேக்கக் கூடாது” என்று நாடகம் போலச் சத்தமாகச் சொல்லித் தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போய் வாங்கி வர வேண்டும். அதற்குள் அவர் கொட்டகையில் பசு கத்தியது. முதல் ஈற்று. கன்றின் கால் வெளியே தெரிந்தது. அக்கா பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். மாமியார் வெந்நீர் வைக்க ஓடினார். என் கணவர் கன்றை இழுக்க ஒத்தாசைக்கு இன்னொருவரைக் கூட்டிவர ஓடினார். சாயங்காலம் கன்று எழுந்து நின்று பால் குடித்தது, எல்லோரும் காப்பி குடித்தோம், தவிட்டை யாரும் நினைக்கவில்லை. இரண்டு நாளில் மாமியார் உடையார்பாளையத்தில் இருக்கும் பெரிய மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்தத் தவிட்டைக் கடைசியில் கோழிகள்தான் தின்றன.

பொங்கல் கழிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். தனியார் பள்ளியில் அதற்கு மேல் லீவு கேட்டால், வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்பார்கள். கணவருக்கு சிமெண்டு ஆலையில் ஷிப்ட் வேலை. பிள்ளையை எதிர் வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டார். “எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க டீச்சர், எம்புள்ளதானே” என்று அவர் சொன்னபோது நானும் சிரித்தேன்.

காலை ஏழு மணிக்கு அவனைக் கொண்டுபோய் விடுவேன். மற்ற டீச்சர்கள் எல்லாம் ஸ்டாப் ரூமில் புலம்புவார்கள். கிளம்பும்போது பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது, பஸ் ஏறிய பிறகும் அந்த அழுகை காதிலேயே இருக்கிறது என்பார்கள். என் பிள்ளை அழ மாட்டான். அக்காவைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து மீன் மாதிரி துள்ளித் தாவுவான். நான் “டாட்டா” காட்டுவேன். அவன் அக்காவின் தாலிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். “ஒங்களுக்குக் கவலையே இல்ல, குடுத்து வெச்சவங்க” என்றார் ஒரு டீச்சர். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அன்று எட்டாம் வகுப்பில் காரணமே இல்லாமல் இரண்டு பேரை வெளியே நிற்க வைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அது எப்போதும் தப்பான ஆள் மேல்தான் விழும்.

சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம். வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டத்தில் நசுங்கி, புடவை முழுக்கப் புழுதியும் சாக்பீஸ் பொடியுமாக இறங்கி வந்தேன். அக்கா வாசலில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் இரண்டு கையையும் நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். நன்றாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு உதடு பிதுங்கியது. முகத்தைத் திருப்பி அக்காவின் தோளில் புதைத்துக்கொண்டு வீறிட்டான்.

“வேத்துமொகம் வந்துடுச்சு டீச்சர். இந்த வயசுல எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான்” என்றார் அக்கா.

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்துவிட்டது. வேற்று முகம் என்றால் அந்நிய முகம். புதிதாக வந்த விருந்தாளியைப் பார்த்து, தாடி வைத்த மாமாவைப் பார்த்துப் பிள்ளை அழும்போது சொல்லும் வார்த்தை. பெற்றவளைப் பார்த்து அழும் பிள்ளைக்கு என்ன வார்த்தை சொல்வது? எங்கள் ஊரில் அதற்கு வார்த்தை இல்லை. அக்கா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே வேறெங்கோ பார்த்தார். நான், “ஆமாமா, வெயில்ல கருத்துப் போயிட்டேன், அதான் அடையாளம் தெரியல” என்று சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்குள் போய்ப் பாத்திரத்தை எல்லாம் படார் படார் என்று வைத்தேன்.

அன்றிலிருந்துதான் பஸ்ஸில் அந்த முறம் மிதக்க ஆரம்பித்தது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அரைத்தூக்கத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. தவிட்டைத் திருப்பிக் கொடுக்கவே இல்லையே! விற்றது விற்றபடியே கிடக்கிறதே!

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். “அன்னிக்கு அந்தத் தவுட்டத் திருப்பிக் குடுத்தோமா?”

அவர் ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏன், பில்லு வாங்கலையா?” என்றார்.

“வெளையாடாதீங்க.”

“நீ சயின்ஸ் டீச்சர்டி.”

அதுதான் எனக்கும் வெட்கம். அனிச்சைச் செயல் தெரியும், கடல் போன கதை தெரியும், ஒன்பதாவது மாதத்தில் குழந்தைகள் வேற்று முகம் பார்க்கும் என்பதும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்குப் போய், ரைஸ்மில்லில் யாருக்கும் தெரியாமல் திருடி மாதிரி நின்றேன். “மாட்டுக்கா, கோழிக்கா?” என்று கேட்டார் மில்காரர். என்ன சொல்வது என்று தெரியாமல் “வூட்டுக்கு” என்றேன். அவர் ஒரு படித் தவிட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்.

அக்கா வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டப்பாவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். நான் பையை நீட்டியதும் அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். “நெசமாவா டீச்சர்? இதுக்கா வெயில்ல டவுனுக்குப் போனீங்க?” பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, முறத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நான் தவிட்டைக் கொட்டினேன். அவர் அவனைத் தூக்கினார். கன்னத்தில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை எடுத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

“வாங்கிக்குங்க. இனிமே ஒங்க புள்ள” என்றார். குரலில் நாடகம் ஏதும் இல்லை.

அவன் முதுகை வில்லாக வளைத்து அலறினான். நான் அவனை இறுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன். வாங்கிவிட்டேன் என்றுதான் அப்போது தோன்றியது.

மே மாத லீவு தொடங்கியது. அக்கா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. என் பிள்ளையை நானே பார்த்துக்கொண்டேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நிமிஷம் கீழே விடவில்லை. ஒரு பொம்மை எடுத்தால் இரண்டு பொம்மை கொடுத்தேன். தூளி கட்டி ஆட்டினால் தூங்க மாட்டான். அக்கா வீட்டுத் தூளி, அவர் பழைய நூல் சேலை, மாட்டு வாசமும் வைக்கோல் வாசமும் ஊறியது. என்னுடையது சோப்பு வாசம். மூன்றாம் நாளிலிருந்து அவன் அழுவதையும் நிறுத்திவிட்டான். தவழ்ந்து தவழ்ந்து கதவருகே போவான். கம்பி வழியாக எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பான். ஒரு மனுஷன் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல அப்படி ஒரு பொறுமை.

நான் அவன் பின்னால் தரையில் படுத்துக்கொண்டு அந்தச் சின்ன முதுகைப் பார்த்தேன். கரண்ட் போயிருந்தது. புழுக்கம். எனக்கு வந்த அழுகை அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. நான் வேலைக்குப் போன மாதங்களில் இவனுக்கு ஒரு ஆள் இருந்தார். இப்போது அந்த ஆளையும் நான் பிடுங்கிவிட்டேன். என்ன புத்தி எனக்கு? என் பொறாமைக்கு இந்தப் பத்து மாதப் பிள்ளையா கிடைத்தான்?

அவனைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அக்கா கதவைத் திறந்தார். அவன் அவர் மேல் விழுந்த வேகத்தில் அவரே ஒரு அடி பின்னால் போனார். இருவரும் ஒருவரை ஒருவர் முகர்ந்துகொண்டார்கள், எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எரிந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் அக்கா.

“நான் போகலக்கா. நானும் இங்கதான் இருக்கப் போறேன்” என்றேன்.

“இங்கயா?”

“வெங்காயம் ஆயத் தெரியும் எனக்கு.”

அந்த மே மாதம் முழுக்க நான் எதிர் வீட்டில் குடியிருந்தேன் என்றே சொல்லலாம். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவேன், இருட்டியதும் வருவேன். இப்போது நினைத்தால் அது ஒரு மாதமா, ஒரே ஒரு நீண்ட மத்தியானமா என்று குழப்பமாக இருக்கிறது. ஓட்டுச் சந்து வழியாக ஒரு கோடு வெயில் விழும். அது தரையில் மெதுவாக நகர்ந்து சுவரில் ஏறும். வெங்காயச் சருகு மின்விசிறிக் காற்றில் எழும்பிப் பறக்கும். இளஞ்சிவப்பாக, கண்ணாடி போல. அவன் அதைப் பிடிக்கக் கையை வீசி, கிடைக்காமல் சிரிப்பான். கொட்டகையில் கன்று கத்தும். அவனும் அதைப் போலவே கத்துவான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஓயாத வாய்க்காரரான அக்காகூட வெயில் ஏற ஏற அமைதியாகிவிடுவார். சில நேரம் மூன்று பேருமே உட்கார்ந்தபடி தூங்கிப்போவோம். யார் முதலில் விழித்தது என்று தெரியாது.

எனக்கு வேறு வேலை இல்லாததால் கவனித்தேன். அக்கா அவனைக் கொஞ்சுவதே இல்லை. பொம்மை காட்டுவதில்லை. நான் செய்ததில் பாதிகூட அவர் செய்யவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவன் தவழ்ந்து நிலைப்படி வரை போவான். அங்கே நின்று திரும்பிப் பார்ப்பான். அக்கா இருப்பார். மேலே போவான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அவர் முழங்காலை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி கிளம்புவான். அவர் ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் கை மட்டும் தானாக அவன் தலையைத் தொட்டுவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பும். ஒரு நாளைக்கு எத்தனை முறை! நானோ இத்தனை மாதமாக ஓடி வந்தேன், அள்ளினேன், முத்தமழை பொழிந்தேன், குளிக்கப் போனேன், சமைக்கப் போனேன், அள்ளினேன், ஓடினேன். அவன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நான் எந்த இடத்தில் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே நானும் ஒரு இடம் பிடித்தேன். தூணுக்கு இந்தப் பக்கம், அக்காவுக்கு எதிரில். தினமும் அதே இடம். அவனைக் கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. என் குணத்துக்கு அது சாதாரண வேலை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் மாடு கயிற்றைச் சுற்றிக்கொண்டு அடித்துக்கொண்டது. அக்கா எழுந்து கொட்டகைக்குப் போனார். அவன் அப்போது நிலைப்படியில் இருந்தான். திரும்பிப் பார்த்தான். அக்கா உட்காரும் இடத்தில் சாக்கு மட்டும் கிடந்தது. முகம் சுருங்கியது, உதடு பிதுங்க ஆரம்பித்தது. பிறகு அவன் கண் தூணுக்கு இந்தப் பக்கம் வந்தது. நான் இருந்தேன். நேற்று இருந்த அதே இடம், முந்தாநாள் இருந்த அதே இடம். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்தான். பிறகு தவழ்ந்து வந்தான். சருகுகளின் மேல் அவன் முட்டி பட்டுச் சரசரத்தது. என் முழங்காலை ஒரு தட்டு தட்டினான். தூக்கிவிடாதே, தூக்கிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் புடவையைப் பிடித்து எழுந்து நின்று, பிறகு பொத்தென்று என் மடியில் உட்கார்ந்து, தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் விரலைப் பிடித்தது அனிச்சை. இது அப்படி இல்லை. இது அவனாக வந்தது.

அக்கா கொட்டகையிலிருந்து வந்து வாசலில் நின்றார். எங்களைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. “தண்ணி காட்டிட்டு வரேன்” என்று மறுபடி கொட்டகைக்கே போய்விட்டார். மாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தண்ணீர் காட்டியிருந்தார். அவருக்கும் எரிந்திருக்கும். இரண்டு பெண்களையும் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்ட வீட்டில் இந்த ஒரு பிள்ளைதான் நாள் பூராவும் அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் அதைப் பற்றி நான் என்றைக்கும் கேட்டதில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் அடிக்கடி எழுந்து கொட்டகைக்குப் போனார், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஜூனில் பள்ளி திறந்தார்கள். புடவை கட்டி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு அவனை அக்காவிடம் கொடுத்தேன். எப்போதும் போல அவன் தாவிப் போனான். தாலிக்கயிற்றைப் பிடித்தான். “போயிட்டு வரேன்டா” என்றேன். தெருவில் நாலு அடி வைத்திருப்பேன்.

அவன் அழுதான்.

பசி அழுகை இல்லை, தூக்க அழுகை இல்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டிக்கொண்டு, அக்காவின் இடுப்பிலிருந்து பாதி உடம்பு வெளியே தொங்க, கண்ணீரும் மூக்குநீருமாக, வாயெல்லாம் திறந்து அழுதான். தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் தெரு நடுவில் நின்றுவிட்டேன்.

“ஏன் டீச்சர் நிக்கிறீங்க, பஸ்ஸு போயிடும்” என்று கத்தினார் அக்கா. அவனை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒங்களுக்காகத்தான் அழுவுறான். போங்க, நான் இருக்கேன்ல” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன். தலை கலைந்து, மூச்சு வாங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அழுகை காதிலேயே இருந்தது. பஸ் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் இருந்தது.

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஏன் அழுவுறீங்க?” என்றார்.

“எம்புள்ள அழுவுறான்ங்க, நான் கெளம்புறப்ப” என்றேன்.

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி டிக்கெட்டை நீட்டினார்.